ஆறு நானோமீட்டர்

போத்தனூரில் ஏழு ஐம்பதுக்கு ஏறினால்
மதுக்கரை, எட்டிமடை, வாளையார்.
அங்கே நிற்கிற இரண்டு நிமிடத்தில்
பலகையில் எழுத்து வளைந்துகொள்கிறது.
வேறு மாநிலத்துக்கு நல்வரவு என்கிறது கைபேசி.
சாலையில் கோழி லாரிகளின் டயருக்கு
மருந்துத் தண்ணீர் அடிக்கிறார்கள்.
கோழிகள் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை.

கஞ்சிக்கோட்டில் இறங்கி
கொச்சுமணியின் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் எடுக்க வேண்டும்.
கண்ணாடிகளுக்கெல்லாம் பால் கவரை மாட்டி
ரப்பர் பேண்டு போட்டிருப்பார்.
ஒரு கொண்டைக்குருவி வந்து கொத்திக் கொத்தி
அலகு உடைகிறதாம்.
"அதுக்கு ஒரு எதிரி வேணும்" என்றார் ஒருமுறை,
சில்லறை எண்ணிக்கொண்டே.

என் வேலை இது:
நாற்பது மணி கோத்த ஒரு புரதத் துண்டு.
தனியாக இருக்கும்வரை சாது.
இன்னொன்றோடு முதுகு ஒட்டினால் இழையாகும்,
இழையோடு இழை சேர்ந்து மூளையில் படியும்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள்.
இங்கே திரள்வதால்தான் உடைகிறது.

ஒட்டுகிற அந்தக் கணத்தைப் பார்க்க
எண்களால் ஒரு பெட்டி செய்தேன்.
பக்கத்துக்கு ஆறு நானோமீட்டர்.
ஏழாயிரம் தண்ணீர், எண்ணி ஊற்றியது.
உப்பு, இருபத்தாறு சோடியம் இருபது குளோரைடு.
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.
எதிரெதிர் மூலையில் இரண்டு சங்கிலிகள்.

பெட்டிக்குச் சுவர் கிடையாது.
வலது பக்கம் வெளியேறுவது
அதே கணம் இடது பக்கம் உள்ளே வரும்.
மேலே போனது கீழே முளைக்கும்.
சுவர் வைத்தால் தண்ணீர்
சுவரோடு பேச ஆரம்பித்துவிடும்,
புரதத்தை மறந்துவிடும்.
அதற்காக இந்த ஏற்பாடு. எல்லோரும் செய்வதுதான்.

நாற்பத்தொரு நாள் ஓடியது எந்திரம்.
வெளியே கணவாய்க் காற்று, ஏப்ரல், இரண்டு மின்வெட்டு.
உள்ளே கழிந்தது இரண்டு மைக்ரோ நொடி.
ஒருமுறை கண் இமைக்க
இதைப்போல் ஐம்பதாயிரம் வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் ஒட்டின.
முதுகோடு முதுகு,
சீப்புப் பல் மாதிரி ஹைட்ரஜன் பிணைப்புகள்.
டாக்டர் ரெஜீனாவுக்குப் படம் அனுப்பினேன்.
ஓடி முடிந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும்
பழம்பொரி, என் கணக்கில்.

ஷைனி மட்டும் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு
"ரெண்டுக்கும் ஒரே கலர் எந்தினா?" என்றாள்.
சும்மாதான். மஞ்சள் பிடிக்கும்.

ஒன்றை நீலமாக்கினேன்.

ஒட்டிக் கிடந்த இரண்டு பக்கமும் மஞ்சள்.
வலது பக்கம் வெளியே போன வால்
இடது பக்கம் உள்ளே வந்து
தன் தலையைத் தானே பிடித்திருக்கிறது.
பெட்டி சின்னது, அவ்வளவுதான்.
நீலம் ஒரு மூலையில் கிடந்தது,
நாற்பத்தொரு நாளும் யாரையும் தொடாமல்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.
ஷைனி தன் பழம்பொரியில் பாதியைப் பிய்த்து
என் பக்கம் தள்ளினாள்.

புதுப் பெட்டி ஒன்பது நானோமீட்டர்.
தண்ணீர் இருபத்து நாலாயிரம். நாலரை மாதம்.
வரிசையில் போட்டாயிற்று என்றான் பிரமோத்,
எனக்கு முன்னால் பதினோரு பேர்.

சாயங்கால வண்டி
சுள்ளிமடை தாண்டிக் காட்டுக்குள் நின்றது.
தண்டவாளத்தில் யானை என்றார்கள்,
இல்லை சிக்னல் என்றார்கள்.
கைபேசியில் தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
கொஞ்ச நேரத்தில் கேரளத்துக்கு நல்வரவு.
வண்டி ஓர் அடிகூட அசையவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன், சார்ஜ் பதினான்கு சதவீதம்.
மஞ்சளை மறைத்தேன்.
தண்ணீரை மறைத்தேன்.
இத்தனை நாள் அந்த மூலையில்
நீலம் என்ன செய்துகொண்டிருந்தது என்று
முதல் நாளிலிருந்து ஓடவிட்டேன்.